நான்கு அங்குலத்திலிருந்து இரண்டுக்கு: ஒரு லிஃப்ட் கிட் தேர்வின் நிகழ்வு ஆய்வு

நான்கு அங்குல லிஃப்ட் கிட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றி வண்டியின் உடலை உயர்த்தும் பாகத் தொகுப்பு) மாட்டிய வண்டி. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் கையை விட்டால் தானாக நேருக்கு வருவதில்லை. நேர்சாலையில் இடமும் வலமும் அலைகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையில் வெட்டுகிறது. 70 கி.மீ. வேகத்துக்கு மேல் அடியிலிருந்து ஒரு விம்மல். மேட்டிலிருந்து சக்கரம் இறங்கினால் பின்னால் 'டொக்'கென்று அடிக்கிறது. கடைசியாக, பின் இடது ஷாக் அப்சார்பரின் மேல் ஸ்டட் முறிந்தது. இதற்குள் வீல் அலைன்மென்ட் இரண்டு தடவை பார்த்தாயிற்று. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியாகவே இருக்கிறது. ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் நீளத் தண்டு) வைத்த முழு ஆக்சிலில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டையான ஆக்சில்) அலைன்மென்ட் மேடையில் திருகித் திருத்தக்கூடியது டோ ஒன்றுதான். காஸ்டருக்கு, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வுக்கு, திருகே கிடையாது. ஆகவே அங்கே எத்தனை தடவை ஏற்றினாலும் இந்த நோய் தீராது.

இது ஒரு மாதிரி வண்டி. இந்த அமைப்புள்ள வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் பிசகுகளை ஒரே வண்டியில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. அமைப்பு இதுதான்: லேடர் சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், முன்னால் ரேடியஸ் ஆர்ம், இரு ஆக்சிலுக்கும் பேன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் குறுக்குத் தண்டு). லேண்ட் குரூஸர் 80, பேட்ரோல் ஒய்61, ஜிம்னி ஆகியவற்றின் முன்பக்கம் இந்த வகைதான். மாதிரியின் அளவுகள்: வீல்பேஸ் 2600 மி.மீ., சக்கரத் தடம் (இட வல சக்கரங்களின் இடைவெளி) 1440 மி.மீ., எடை 1900 கி.கி., கம்பெனி டயர் 245/70 ஆர்16.

வண்டிக்காரர் கேட்டது 265/75 ஆர்16 டயர், காட்டுப் பாதையிலும் ஆற்றுக் கற்களிலும் அடி தட்டாத வண்டி. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை) 'பிறகு' போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்தப் 'பிறகு' என்ற சொல்லில்தான் பாதிச் சிக்கல் தொடங்கியது.

பெட்டியில் 100, வண்டியில் 118

உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் மாறினால், காற்று குறைந்தால் கணக்கு கெடும். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். கிட் போடுவதற்கு முன்பே நான்கு மூலையும் அளந்து எழுதி வைப்பது முதல் வேலை. இந்த வண்டியில் அந்த எழுத்து இருந்தது, அதனால் ஆய்வு எளிதாயிற்று. முன்பக்கம் 118 மி.மீ., பின்பக்கம் 130 மி.மீ. ஏறியிருந்தது. பெட்டியில் போட்டிருந்த 100 எங்கேயும் இல்லை.

ஸ்பிரிங் கம்பெனி ஏமாற்றவில்லை. முன் ஸ்பிரிங் 75 கி.கி. பம்பரும் வின்ச்சும் சுமக்கும் வண்டிக்கானது. அந்த எடை முன் ஆக்சிலுக்கு 700 மி.மீ. முன்னால் தொங்குவதால் நெம்புகோல் போல வேலை செய்யும்: 75-ஐ 3300-ஆல் பெருக்கி 2600-ஆல் வகுத்தால் முன் ஆக்சிலில் 95 கி.கி. விழும், பின் ஆக்சில் 20 கி.கி. இலகுவாகும். ஒரு முன் ஸ்பிரிங்குக்கு 47.5 கி.கி., அதாவது சுமார் 467 நியூட்டன். ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 26 நியூட்டன் என்றால் 18 மி.மீ. அமர வேண்டும். பம்பர் இன்னும் வரவில்லை, அதனால் அந்த 18 மி.மீ. மேலேயே நிற்கிறது. பின் ஸ்பிரிங் எப்போதும் 200 கி.கி. ஏற்றிய வண்டிக்கு. இந்த வண்டியில் நிரந்தரமாக இருப்பது கருவிப்பெட்டியும் கூடுதல் டயரும் சேர்ந்து 60 கி.கி. மீதி 140-இல் பக்கத்துக்கு 70 கி.கி. இல்லை. மி.மீ.க்கு 23 நியூட்டன் விறைப்பில் அது 30 மி.மீ.

லிஃப்ட் கிட்டின் மேல் எழுதியிருக்கும் உயரம் ஓர் எடையோடு சேர்ந்துதான் பொருள்படும். எடை எழுதாத கிட்டை வாங்குவது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போல.

இதைவிட மோசமான விளைவு ஷாக்கில் தெரிந்தது. பின் ஷாக்கின் மேல் கீழ் மவுண்ட்டுகளுக்கு இடையே, கம்பெனி நிலையில் வண்டி நிற்கும்போது 450 மி.மீ. பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறும்போது கடைசியில் தடுக்கும் ரப்பர்) முழுதும் அழுந்தும்போது 360 மி.மீ. கம்பெனி ஷாக் 540 வரை நீளும். ஆக மேலே 90, கீழே 90. புதிய கிட்டின் ஷாக் முழுதும் மடிந்தால் 385, முழுதும் நீண்டால் 620. தாளில் பார்த்தால் 235 மி.மீ. ஓட்டம், அருமையாக இருக்கிறது. ஆனால் வண்டி 130 மி.மீ. உயர்ந்து நிற்பதால் நிற்கும் நிலையே 580. கீழிறங்க மிச்சம் 40 மி.மீ. மட்டும்! பள்ளத்தில் சக்கரம் தொங்க வேண்டிய இடத்தில் ஷாக் இழுபட்டுப் பிடித்துக்கொள்கிறது. 'டொக்' சத்தம் அதுதான். சக்கரம் தரையை விட்டு எழுவதும் அதனால்தான். கம்பெனி வண்டி 90 மி.மீ. கீழிறங்கியது. நான்கு அங்குலம் உயர்த்தியபின் அதில் பாதிகூட இல்லை.

மேல் பக்கம் வேறு கதை. ஷாக் 385-இல் மடிந்து முட்டிவிடுகிறது, பம்ப் ஸ்டாப் 360-இல்தான் பிடிக்கிறது. இடையில் 25 மி.மீ. தூரத்துக்கு வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, ஷாக்கின் தண்டு. மூலைவிட்டமான குழிகளில் எடை முழுதும் ஒரு பின் சக்கரத்தில் இறங்கியபோது மேல் ஸ்டட் கழுத்தில் முறிந்தது. முறிந்த முகத்தில் பளபளப்பான பிறை ஒன்றும் அதைச் சுற்றிச் சொரசொரப்பும் தெரிந்தன. மெல்ல விரிசல் விட்டு, பிறகு ஒரே அடியில் போனதன் அடையாளம் அது. ஷாக் தரக்குறைவு என்று மாற்றிக் கேட்டால் புதியதும் அதே இடத்தில்தான் முறியும்.

ஸ்டீயரிங் ஏன் திரும்பவில்லை

ரேடியஸ் ஆர்ம் பின்னால் சேஸிஸில் புஷ்ஷில் மாட்டி, முன்னால் ஆக்சிலை இறுகப் பிடித்திருக்கும். சேஸிஸ் உயர்ந்தால் ஆர்மின் பின் முனை உயரும், ஆக்சிலும் அதோடு சுழலும். கிங்பினின் முன்பின் சாய்வு, அதாவது காஸ்டர், அதே அளவு குறையும். கணக்கு சுலபம்: உயர்வை ஆர்ம் நீளத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் இழந்த டிகிரி. ஆர்ம் 900 மி.மீ., உயர்வு 118 மி.மீ. எனில் 7.5 டிகிரி. கம்பெனி காஸ்டர் 3 டிகிரி. கிட்டோடு வந்த விலகு துளை புஷ்கள் (துளை நடுவில் இல்லாத புஷ்கள்) 2.5 டிகிரி திருப்பித் தந்தன. மிச்சம் கழித்தல் 2. காஸ்டர் எதிர்மறையானால் சக்கரம் நேருக்கு வர விரும்பாது, விலகிப் போகவே விரும்பும். வண்டி அலைவது அதனால்தான்.

'அப்படியானால் இன்னும் பெரிய திருத்தம் போடலாமே' என்பார்கள். போடலாம். ஆனால் காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைப் பின்னோக்கிச் சுழற்றும்போது முன் டிஃப்பின் (ஆக்சிலின் கியர் உருண்டை) பினியன் மூக்கு கீழே குனியும். சேஸிஸோ 118 மி.மீ. மேலே போய்விட்டது. அந்த மூக்குக்குச் சக்தி கொண்டுவரும் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட் (மடங்கும் மூட்டு) இரு பக்கமும் இழுபடும். ரேடியஸ் ஆர்ம் வண்டியில் காஸ்டரும் பினியன் கோணமும் ஒரே இரும்பில் வார்த்தவை, ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். 50 மி.மீ. வரை இரண்டையும் சமாளிக்கலாம். 100-ஐத் தாண்டினால் ஆக்சில் முனையில் ஸ்டீயரிங் நக்கிளைத் தாங்கும் பகுதியை அறுத்துத் திருப்பி வெல்ட் செய்யும் அளவுக்கு வேலை போகும். அது கிட் மாட்டுவது அல்ல, ஆக்சிலைப் புதிதாகக் கட்டுவது.

கையில் வெட்டுவதற்குக் காரணம் வேறு. பேன்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) ஒரே நீளம், ஒரே சாய்வில் இருந்தால் ஆக்சில் மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வளைவில் ஓடும், ஸ்டீயரிங் அசையாது. இந்தக் கிட்டில் ஆக்சில் பக்கம் பேன்ஹார்ட் முனையை 40 மி.மீ. உயர்த்தும் பிராக்கெட் இருந்தது. டிராக் லிங்க்குக்கு எதுவும் இல்லை. இரண்டும் 850 மி.மீ. நீளம், கம்பெனியில் முனைகளுக்கு இடையே 60 மி.மீ. உயர வித்தியாசம், 4 டிகிரி சாய்வு. இப்போது டிராக் லிங்க் 12 டிகிரி, பேன்ஹார்ட் 9 டிகிரி. சக்கரம் 60 மி.மீ. மேலேறினால் லிங்க் 3 மி.மீ. இழுக்கப்படும். 150 மி.மீ. ஸ்டீயரிங் ஆர்மில் அது ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். ஓட்டுநர் திருப்பவில்லை, பள்ளம் திருப்புகிறது. பிராக்கெட் போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். ஒன்றைத் தொட்டால் இரண்டையும் தொட வேண்டும், அவ்வளவே.

பின் ஆக்சிலுக்கு அந்த பிராக்கெட்டும் இல்லை. தூக்குக்குண்டை இருபுற ஆர்ச் விளிம்பிலும் தொங்கவிட்டு டயர் பக்கவாட்டுக்கு அளந்ததில் பின் ஆக்சில் ஒரு பக்கம் 19 மி.மீ., முன் ஆக்சில் எதிர்ப்பக்கம் 9 மி.மீ. தள்ளியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி நண்டு நடை போடுவது கண்ணுக்கே தெரியும்.

விம்மல் ஒலிக்கு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் கோணமானி வைத்தால் போதும். ஷாஃப்ட் 1000 மி.மீ., 130 மி.மீ. உயர்வில் சாய்வு 7.5 டிகிரி கூடி கியர்பாக்ஸ் முனையில் 11.5 டிகிரி. டிஃப் முனையில் 9. பின் ஆர்ம்கள் மேலும் கீழும் வேறு வேறு நீளமாக இருப்பதால் உயரும்போது பினியன் சற்றுத் திரும்பியதுதான் அந்த 2.5 டிகிரி வித்தியாசம். யூ ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றை ஒன்று ஈடு செய்யும். ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். அப்படி ஒத்திருந்தாலும் 11 டிகிரியில் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

எவ்வளவு உயரம் தேவை

இந்தக் கேள்வியை டயரிலிருந்து தொடங்க வேண்டும். 245/70 ஆர்16-இன் விட்டம் 749 மி.மீ., 265/75 ஆர்16-இன் விட்டம் 804 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, 27 மி.மீ., டிஃப்புக்கு அடியில் கிடைக்கும். ஸ்பிரிங் எவ்வளவு உயர்த்தினாலும் டிஃப் ஒரு மி.மீ. கூட உயராது. ஆற்றுக் கல்லில் டிஃப் தட்டுகிறது என்பவருக்கு டயர்தான் மருந்து. லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸின் வயிற்றை. நடுவில் 300 மி.மீ. இடைவெளி என்றால் மேடு தாண்டும் கோணம் ஏறத்தாழ 26 டிகிரி. பெரிய டயரும் 50 மி.மீ. லிஃப்ட்டும் சேர்ந்தால் 32. முதல் கிட்டின் உயரத்தில் 38. அந்த ஆறு டிகிரிக்காக என்ன கொடுத்தோம் என்பதை மேலே பார்த்தாயிற்று.

கவிழும் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஈர்ப்பு மையம் 680 மி.மீ. உயரத்தில், பாதித் தடம் 720 மி.மீ. நிலையாக நிற்கும் எல்லைச் சாய்வு 46 டிகிரிக்கு மேல். முதல் கிட்டும் பெரிய டயரும் சேர்ந்தால் மையம் 807-க்கு ஏறி எல்லை 42 டிகிரிக்கு அருகே வரும். 50 மி.மீ. கிட் என்றால் 44. உண்மையில் டயரும் ஸ்பிரிங்கும் அழுந்துவதால் மூன்றுமே இதற்குக் கீழேதான். கூரை மேல் சாமான் ஏற்றினால் இன்னும் கீழே.

டயர் உரசாமல் இருக்க லிஃப்ட் வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி மட்டுமே உண்மை. ஸ்பிரிங் எவ்வளவு உயரமானாலும் பம்ப் ஸ்டாப் அழுந்தும்போது டயர் போய் நிற்கும் இடம் ஒன்றே. சோதிக்க நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, புது டயரை மாட்டி, ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்ற வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கியும் பார்க்க வேண்டும், மூலைவிட்டப் பள்ளத்தில் அதுதான் நடக்கும். இந்த வண்டியில் முன் டயர் ஆர்ச்சின் பின் மடிப்பை 20 மி.மீ. வரை தின்றது, முழுத் திருப்பத்தில் ரேடியஸ் ஆர்மைத் தொட்டது. முதலாவதற்கு மடிப்பை உள்ளே தட்டி மடக்குவதும் பம்ப் ஸ்டாப்பை நீட்டுவதும் தீர்வு. இரண்டாவதற்கு எந்த லிஃப்ட்டும் உதவாது. ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டை 3 மி.மீ. வெளியே எடுக்க வேண்டும், திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும். அகல ஆஃப்செட் வீல் போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் ஹப் பேரிங்கில் நெம்பு கூடும், டயர் வெளியே நீட்டி ஆர்ச்சின் முன் விளிம்பைப் பிடிக்கும்.

தனித்தனி சஸ்பென்ஷன் வைத்த வண்டிக்காரர்கள் இந்தப் பேன்ஹார்ட், காஸ்டர் கணக்குகளைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு எல்லை போடுவது ஆக்சில் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் கோணமும் மேல் ஆர்மின் பால் ஜாயின்ட்டும். பெரும்பாலும் 50 மி.மீ.யிலேயே மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடும் தூரத்துக்கு வந்துவிடும்.

இரண்டாம் தேர்வு

முன்னும் பின்னும் 50 மி.மீ. ஸ்பிரிங், முன்னால் கூடுதல் எடை இல்லாத வண்டிக்கானது, பின்னால் 0 முதல் 150 கி.கி. வரைக்கானது. வின்ச் வரும் நாளில் முன் ஸ்பிரிங் ஜோடியை மட்டும் மாற்றுவது என்று முடிவு. இன்றைக்கு இல்லாத எடைக்கு இன்றே ஸ்பிரிங் போட்டால் நடுவிலுள்ள காலம் முழுதும் கட்டை வண்டி.

ஷாக் நீளத்தைக் கிட்டின் பெயரைப் பார்த்து அல்ல, அளந்த எண்ணைப் பார்த்து எடுத்தது. பின்னால் மடிந்தால் 370, நீண்டால் 590. பம்ப் ஸ்டாப் 385-இல் பிடிக்க வேண்டும், ஷாக் முட்டுவதற்கு 15 மி.மீ. முன்னதாக. கம்பெனி ஸ்டாப் 360-இல் நிற்பதால் 25 மி.மீ. நீட்டிப்புத் துண்டு. வண்டி 55 மி.மீ. உயர்ந்து நின்றால் மவுண்ட் தூரம் 505: மேலே 120, கீழே 85. முதல் கிட்டைவிடக் குள்ளமான வண்டி, ஆனால் சக்கரம் இரண்டு மடங்கு கீழே தொங்கும்.

கூடவே வாங்கியவை: முன் ரேடியஸ் ஆர்முக்கு 2.5 டிகிரி விலகு புஷ், முன்னும் பின்னும் நீளம் மாற்றும் பேன்ஹார்ட் ராடுகள், பிரேக் ஹோஸ் ஒரு செட், முன் ஆன்டி ரோல் பார் லிங்க் ஒரு ஜோடி. பழைய 40 மி.மீ. பிராக்கெட் கழற்றப்பட்டது. பட்டியலில் வராத சிறு விஷயம் ஒன்று: பின் ஆக்சிலில் சுமை உணரும் பிரேக் வால்வின் கம்பி. வண்டியை உயர்த்தினால் அந்த வால்வு 'சுமை இல்லை' என்று நினைத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் ஆக்சில் பக்கப் பிடியை உயர்த்திய அளவுக்கே மேலே ஏற்ற வேண்டும். முதல் கிட்டில் இதை யாரும் தொடவில்லை. பிரேக் சுமார் என்று வண்டிக்காரர் சொல்லாததற்குக் காரணம், முன் பிரேக் அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது.

மாட்டும்போது ரப்பர் புஷ் போல்ட்டுகளை முதலில் விரலளவுக்கு மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று தடவை அமுக்கிக் குலுக்கி, எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்ச்சால் முழுதும் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையில் உறைந்துவிடும். சில மாதத்தில் ரப்பர் உலோகச் சட்டையிலிருந்து கிழிந்து வரும், ஸ்பிரிங்கும் சரியாக அமராது. பேன்ஹார்ட்டை நீளம் சரிசெய்வதும் தரையில்தான், தூக்குக்குண்டை வைத்து. கணக்குப்படி முன்னால் 5.3, பின்னால் 5.7 மி.மீ. நீட்ட வேண்டும். முன் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்தபின் டிராக் லிங்க்கையும் அதே அளவு நீட்டினால் ஸ்டீயரிங் வீல் நேராகும். இரண்டும் மறுபடி இணையாக நிற்பதைக் கோணமானி காட்ட வேண்டும்.

ஹோஸ் போட்டுக் காற்று எடுத்தபின் ஆக்சிலை முழுதும் தொங்கவிட்டு ஒரு கை விட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் கம்பி, டிஃப் மூச்சுக்குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றில் எதுவும் வீணைத் தந்தி போல இழுபட்டு நிற்கக் கூடாது. ஷாக்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ஸ்பிரிங் அமர 500 கி.மீ. ஓட்டியபின் எடுத்த அளவுகள்: உயர்வு முன்னால் 52, பின்னால் 55 மி.மீ. காஸ்டர் 2.2 டிகிரி, கம்பெனி எண்ணைவிட 0.8 குறைவு, ஆனால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 7.2-க்கு 6.4 டிகிரி, விம்மல் நின்றது. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடித்ததால் கீழே இறக்கப்பட்டது. இந்த உயர்வும் டயரும் வண்டி பதிவான இடத்தின் விதிக்கும் காப்பீட்டுக்கும் உட்பட்டதா என்பதை ஸ்பிரிங் வாங்குமுன் பார்த்திருக்க வேண்டும், இங்கே அது இரண்டாம் தடவைதான் நடந்தது.

தீராதவை இரண்டு. பெரிய டயரால் ஸ்பீடோமீட்டர் 6.8 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. முள் 60 என்றால் வண்டி 64-க்கு மேல் ஓடுகிறது. அதே காரணத்தால் 4.1 ஃபைனல் டிரைவ் (டிஃப்பின் கியர் விகிதம்) 3.82 போல நடந்துகொள்கிறது, டாப் கியரில் ஏற்றம் சோம்புகிறது. பழைய இழுவைக்கு 4.4-ஐ ஒட்டிய கியர் செட் வேண்டும், இரு ஆக்சிலுக்கும் ஒரே எண்ணில். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) உடையும். அந்தச் செலவு வின்ச்சுக்குப் பிறகு என்று ஒத்திப் போடப்பட்டிருக்கிறது.